பழைய துப்பாக்கிக்குப் புதிய உறுப்பு

சைக்கிள் செயின் அறுந்துபோனால் என்ன செய்கிறீர்கள்? கடைக்குப் போய்ப் புதுச் செயின் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்கிறீர்கள். பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்தாலும், தையல் இயந்திரத்தின் பாபின் தொலைந்தாலும் இதே கதைதான். கடைக்காரர் உங்கள் சைக்கிளைக் கண்ணால் கண்டதில்லை. அந்தச் செயினைச் செய்த தொழிலாளியும் கண்டதில்லை. ஆயினும் அது சரியாகப் பொருந்திவிடுகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வியப்பதற்கு நிறைய இருக்கிறது என்பதை ஒரு சிலர் ஒவ்வொரு நாளும் உணர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் துப்பாக்கிகளில் இவர்களுக்குத் தனி மோகம். அந்தப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்கியபோது, அக்காலச் சீருடை அணிந்து பழைய போர்க்களங்களில் போரை நடித்துக் காட்டும் பழக்கம் பரவியது. துப்பாக்கிகள் வேண்டியிருந்தன. பழையவை போதவில்லை, கிடைத்தவற்றிலும் ஒன்றில் குதிரை இல்லை, ஒன்றில் வில் உடைந்திருந்தது, ஒன்றில் கட்டை செல்லரித்திருந்தது. ஆகவே பழைய மாதிரியைப் பார்த்துப் புதிய உறுப்புகள் செய்யும் தொழில் ஒன்று கிளம்பியது. இத்தாலியில் பிரேசியா நகருக்கு அருகிலுள்ள கார்டோனே வால் ட்ரோம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊர் இதற்குப் பெயர் பெற்றது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் குழல் செய்துவரும் ஊர் அது.

பழைய துப்பாக்கி வைத்திருப்பவர் புதிய உறுப்பு ஒன்றைத் தபாலில் வரவழைக்கிறார். பொட்டலத்தைப் பிரித்துப் பழைய இடத்தில் வைத்துப் பார்க்கிறார். பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று ஆராயப் புகுந்தால், இயற்பியல் வகுப்பில் நாம் படித்த பல செய்திகளும், தொழிற்சாலைகளின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயமும் நம் முன் வந்து நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், 1898-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதுகிறது. அதனால்தான் அங்கே இது பொழுதுபோக்காக இருக்கிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். நாம் இங்கே பார்க்கப்போவது உறுப்புகள் பொருந்தும் விஞ்ஞானத்தை மட்டுமே.

குதிரையும் கடிவாளமும்

துப்பாக்கியின் பக்கவாட்டில் ஓர் இரும்புத் தகடு மரக்கட்டைக்குள் பதிந்திருக்கும். இதற்குப் பூட்டுத் தகடு என்று பெயர். தகட்டின் வெளிப்புறத்தில் தெரிவது, சுத்தியல் போல் ஓங்கி அடிக்கும் உறுப்பு. தமிழில் அதைக் குதிரை என்கிறோம். உள்ளே, குதிரையோடு ஒரே அச்சில் சுழலும் ஒரு சிறு துண்டு உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் டம்ளர். காப்பி குடிக்கும் டம்ளரோடு அதற்கு உறவு இல்லை. இந்த டம்ளரின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். 'சியர்' என்னும் ஒரு நாக்கு வந்து இந்த வெட்டுகளில் உட்காரும். முதல் வெட்டில் உட்கார்ந்தால் குதிரை பாதி ஏற்றத்தில் நிற்கும். அப்போது விசையை இழுத்தாலும் வெடிக்கக் கூடாது. இரண்டாம் வெட்டில் உட்கார்ந்தால் முழு ஏற்றம். விசையை இழுத்ததும் நாக்கு விலகும். வளைத்து வைக்கப்பட்ட தட்டை வில் டம்ளரைச் சுழற்றும். குதிரை பாய்ந்து செப்புத் தொப்பியை அடிக்கும். தீப்பொறி குழலுக்குள் போகும். டம்ளரையும் நாக்கையும் மேலிருந்து அணைத்துப் பிடிக்கும் சிறு தகட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் கடிவாளம். நாம் குதிரை என்றோம். அவர்கள் கடிவாளம் என்றார்கள். இரு சாராரும் கலந்து பேசி வைத்த பெயர்கள் அல்ல!

பாதி ஏற்ற வெட்டில் நாக்கு முழுதாக இறங்கி உட்கார வேண்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். அரை மில்லிமீட்டர் குறைவாக இறங்கினால் தட்டினாலே வழுகும். துப்பாக்கியைக் கையில் பிடித்திருப்பவரின் உயிரும், எதிரே நிற்பவரின் உயிரும் அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கின்றன. பொருத்தம் என்பது இங்கே அழகுக்காக அன்று.

அரத்தின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டு வரை இந்தப் பூட்டு முழுவதும் கையால் செய்யப்பட்டது. கொல்லன் இரும்பை அடித்து ஏறக்குறைய வடிவு கொடுப்பான். பிறகு அரம் பிடிப்பவன் ஒவ்வொரு துண்டையும் அதன் பக்கத்துத் துண்டோடு சேர்த்துப் பார்த்து, அராவி, மீண்டும் சேர்த்துப் பார்த்து, மீண்டும் அராவுவான். கடைசியில் அருமையாகப் பொருந்தும். ஆனால் அந்த ஒரு துப்பாக்கிக்குள் மட்டுமே பொருந்தும். ஆயிரம் துப்பாக்கிகள் இருந்தால் ஆயிரம் விதமான டம்ளர்கள். போர்க்களத்தில் ஒரு வில் உடைந்தால் பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கியின் வில்லைக் கழற்றி மாட்ட முடியாது. கைத்திறன் உள்ள ஆள் வரும்வரை அது வெறும் தடி.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர், பிரான்சு நாட்டின் ஹொனோரே பிளாங்க். 1785-இல் தாமஸ் ஜெபர்சன், அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்தபோது, இவருடைய பட்டறையைப் போய்ப் பார்த்தார். ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் கழற்றித் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்த துண்டுகளை எடுத்து ஜெபர்சன் தாமே பூட்டுகளைச் சேர்த்தார். எல்லாம் பொருந்தின. அவர் வியந்துபோய்த் தம் நாட்டுக்குக் கடிதம் எழுதினார்.

நம் பாடப்புத்தகங்கள் பலவற்றில் இந்தப் பெருமை எலி விட்னி என்பவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். இது முழுவதும் சரியன்று. 1798-இல் விட்னி, பத்தாயிரம் துப்பாக்கிகளை ஏறத்தாழ இரண்டே ஆண்டில் செய்து தருவதாக அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1801-இல் தலைவர்கள் முன்னிலையில் பூட்டுகளை மாற்றிப் பொருத்திக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். ஆனால் கடைசித் துப்பாக்கியைக் கொடுத்து முடித்தது 1809-இல். பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இல்லை. உள்ளே அரத்தின் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ராபர்ட் வுட்பரி என்னும் வரலாற்றாசிரியர் 1960-இல் இதை எழுதி வெளியிட்டார். ஆனால் கட்டுக்கதைக்குத்தான் ஆயுள் அதிகம்!

போகும், போகாது

உண்மையில் சாதித்துக் காட்டியவர் ஜான் ஹால் என்பவர் என்பேன். ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1820-களில் அவர் வேலை செய்தார். அவருடைய வெற்றிக்கு அடிப்படை இரண்டு எண்ணங்கள். இரண்டும் நம் செய்முறைத் தேர்வு மாணவர்களுக்கு நன்கு பயன்படக்கூடியவை.

ஒரு மேசையின் நீளத்தை அளக்க வேண்டும். பத்து செ.மீ. கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அடையாளம் போட்டு, நகர்த்தி, மீண்டும் அடையாளம் போட்டு அளக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அரை மி.மீ. பிழை வந்தால், பத்துத் தடவையில் ஐந்து மி.மீ. வரை பிழை சேரக்கூடும். ஒரே மீட்டர் கோலைத் தொடக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் அங்கிருந்தே அளந்தால் பிழை சேராது. ஹால் செய்தது இதைத்தான். ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு குறிப்பிட்ட புள்ளியை ஆதாரமாக வைத்துக்கொண்டு, அந்த உறுப்பின் எல்லாத் துளைகளையும் எல்லா விளிம்புகளையும் அந்த ஓர் இடத்திலிருந்தே அமைத்தார்.

இரண்டாவது எண்ணம் அளவி, அதாவது கேஜ். ஒரு துளை 6 மி.மீ. இருக்க வேண்டும் என்று சொன்னால், இயற்பியல் மாணவராகிய நீங்கள் சிரிக்க வேண்டும். சரியாக 6 மி.மீ. என்று உலகில் எதுவும் கிடையாது. திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; அதற்குக் கீழே அது குருடு. ஆகவே பொறியாளர் கேட்பது வேறு. துளை 6.00 முதல் 6.05 மி.மீ. வரை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதில் நுழையும் ஊசி 5.90 முதல் 5.95 வரை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அப்படியானால் எந்த ஊசியும் எந்தத் துளைக்குள்ளும் நுழையும். இடைவெளி 0.05-க்குக் குறையாது, 0.15-க்கு மிஞ்சாது. இப்படி அனுமதிக்கப்பட்ட பிழையைப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்பார்கள். இதைச் சோதிக்க எண்களே வேண்டாம். இரண்டு அளவு கட்டைகள் போதும். ஒன்று துளைக்குள் போக வேண்டும். மற்றொன்று போகக் கூடாது. ஹால் தம் துப்பாக்கிக்கு 63 அளவிகளை வைத்திருந்தார்.

இதில் ஒரு வெப்பவியல் நுட்பமும் இருக்கிறது. இரும்பின் நீள் விரிவெண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.000012. பதின்மூன்று செ.மீ. நீளமுள்ள பூட்டுத் தகடு, பனிக்காலத்து 0 டிகிரியிலிருந்து கோடைக்காலத்து 30 டிகிரிக்கு வந்தால் எவ்வளவு நீளும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 0.05 மி.மீ. வரும். மேலே நாம் அனுமதித்த பிழை முழுவதையும் வெயிலே தின்றுவிடும்! ஆனால் அளவியும் இரும்பு, உறுப்பும் இரும்பு. இரண்டும் சேர்ந்தே விரிகின்றன, சேர்ந்தே சுருங்குகின்றன. ஆகவே வெப்பமானியைப் பார்க்காமலேயே அந்தக் காலத் தொழிலாளி சரியாகச் சோதிக்க முடிந்தது. எண்ணை நம்பி அளப்பவருக்குத்தான் வெப்பநிலை வேண்டும். தொழிற்சாலை அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 1931-இல்.

தொழிலாளர்கள் இதையெல்லாம் மகிழ்ச்சியுடன் வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அரம் பிடித்தவன் தன் வேலைக்குத் தானே நீதிபதி. அளவி வந்த பிறகு நீதிபதி மாறிவிட்டார். நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டுப்பாடும் கூடவே வந்தது. 1842-இல் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் கடிகாரம் வைத்து வேலை வாங்கத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி, படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்திக் கால்வாய் வழியே வாஷிங்டன் போய், ஜனாதிபதி டைலரையே கண்டு முறையிட்டார்கள். அவர் பரிவாகப் பேசி, வேலைக்குத் திரும்புமாறு சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து ஆண்டு, பத்துத் துப்பாக்கி

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், வெர்மாண்ட் மாநிலத்திலிருந்து வந்த ராபின்ஸ்-லாரன்ஸ் என்னும் கம்பெனி, உறுப்புகளை மாற்றிப் போடக்கூடிய துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தது. ஆங்கிலேயருக்கு நம்பிக்கை வரவில்லை. 1854-இல் ஒரு குழு நேரில் பார்க்க அமெரிக்கா சென்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைக் குழுவினரே தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் கண் முன்னால் கழற்றச் செய்து, உறுப்புகளைக் கலந்து, பெட்டிகளில் போட்டார்கள். பிறகு ஒரு தொழிலாளியை அழைத்து, கைக்கு வந்த உறுப்புகளைத் தாங்களே எடுத்துக் கொடுத்துப் பொருத்தச் சொன்னார்கள். அவர் கையில் இருந்தது ஒரு திருப்புளி மட்டும். அரம் இல்லை. பத்துத் துப்பாக்கிகளும் தடையின்றி உருவாயின.

குழு வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. அமெரிக்க இயந்திரங்களை வாங்கி, அமெரிக்கப் பொறியாளர் ஒருவரையும் வேலைக்கு அமர்த்தி, லண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்னும் ஊரில் அரசாங்கத் தொழிற்சாலையைப் புதுப்பித்தார்கள். 1857 வாக்கில் அங்கிருந்து வந்த 1853-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிதான், நம் சரித்திரப் புத்தகத்தில் சிப்பாய்க் கிளர்ச்சியோடு சேர்த்துப் படித்த அதே என்பீல்டு. கொழுப்புத் தடவிய தோட்டா இந்த மாதிரிக்குத்தான். இன்னொரு தொடர்பும் உண்டு. இந்தத் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த ரெட்டிச் நகரக் கம்பெனி ஒன்று, அந்தப் பெருமைக்காக ராயல் என்பீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டது. பின்னாளில் சென்னைத் திருவொற்றியூரில் அதன் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யப்பட்டது. தெருவில் தடதடக்கும் புல்லட்டின் பெயருக்குள் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை ஒளிந்திருக்கிறது.

எந்த என்பீல்டு?

இப்போது நம் சேகரிப்பாளரிடம் திரும்புவோம். அவர் கையில் இருப்பது 1862 என்று பொறித்த என்பீல்டு துப்பாக்கி. டம்ளர் தேய்ந்துவிட்டது. என்பீல்டு டம்ளர் என்று கேட்டு வாங்கினார். பொருந்தவில்லை என்றோம். முதல் காரணம் இதுதான்: என்பீல்டு என்ற பெயரில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன. அரசாங்கத் தொழிற்சாலையிலும், லண்டன் ஆர்மரி கம்பெனியிலும் இயந்திரத்தால் செய்தவை ஒரு வகை. இவற்றின் உறுப்புகளை மாற்றிப் போடலாம். பர்மிங்காம் நகரத்துச் சிறு பட்டறைகள் செய்தவை மற்றொரு வகை. அங்கே குழலுக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர். பூட்டு, பக்கத்து ஊரான டார்லாஸ்டனிலிருந்து வரும். எல்லாவற்றையும் ஒருவர் அரத்தால் இணைத்துச் சேர்ப்பார். தோற்றத்தில் இரண்டு வகையும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பர்மிங்காம் துப்பாக்கியில் உலகில் எந்த டம்ளரும் நேரே போய் உட்காராது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் கப்பலில் போன இலட்சக்கணக்கான என்பீல்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கை வேலைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிப் பார்த்தால், திருகாணிகளின் தலையிலோ உறுப்புகளின் உட்புறத்திலோ சிறு வெட்டுகள் அல்லது ரோமானிய எண்கள் தென்படும். நான்காம் திருகு நான்காம் துளைக்கு என்று அடையாளம் வைத்தவன், அது வேறு துளையில் போகாது என்பதை அறிந்தவன் அல்லவா?

அமெரிக்கரின் 1861-ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்பீல்டில் இந்தத் தொல்லை குறைவு. ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலை மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேல் செய்தது. தனியார் ஒப்பந்தக்காரர்களும் அதே அளவிகளைப் பின்பற்ற வேண்டியிருந்தது. ஆனால் இங்கும் ஒரு வலை விரித்திருக்கிறது. கோல்ட் கம்பெனி செய்த 1861 தனி மாதிரி, பார்வைக்கு அதே போல் இருந்தாலும் அதன் பல உறுப்புகள் மற்றவற்றோடு சேரா.

வார்ப்பும் சுருக்கமும்

இரண்டாம் காரணம், புதிய உறுப்பு பிறந்த விதம். சிறு பட்டறைகளில் சாதாரணமாக நடப்பது இது: பழைய உறுப்பு ஒன்றை மூலமாக வைத்து ரப்பர் அச்சு எடுக்கிறார்கள், அந்த அச்சில் மெழுகு ஊற்றுகிறார்கள், மெழுகு உருவின்மேல் பீங்கான் குழம்பு பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய எஃகை ஊற்றுகிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் ஐம்பொன் சிலை வார்க்கும் அதே மெழுகு முறைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. மெழுகும் ஆறும்போது சுருங்கும். எஃகும் ஆறும்போது சுருங்கும். எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடராசர் சிலை சற்றுச் சிறுத்தால் அதை எதனோடு பொருத்தப் போகிறோம்? பதின்மூன்று செ.மீ. பூட்டுத் தகடு இரண்டு சதவீதம் சிறுத்தால் 2.6 மி.மீ. குறைவு. மரக்கட்டையில் பள்ளம் பெரிதாக, தகடு சிறிதாக, சுற்றிலும் இடைவெளி இளிக்கும். அதைவிட மோசம், திருகுத் துளைகள் ஒன்றை ஒன்று நெருங்கிவிடும். இடம் மாறிய துளையை அரத்தால் நகர்த்த முடியாது.

நல்ல பட்டறைக்காரர் இதை அறிவார். கோவை வார்ப்படத் தொழிற்சாலைகளுக்குச் சென்றால், மாதிரி செய்யும் தச்சரிடம் சுருக்க அளவுகோல் ஒன்றைக் காணலாம். அதில் ஓர் அடி என்பது உண்மையான ஓர் அடியை விடச் சற்று நீளம். சுருங்கப் போவதை முன்கூட்டியே கூட்டி வைத்த கோல். துப்பாக்கி உறுப்புக்கும் இப்படி மூலத்தைப் பெரிதாக்கிச் செய்தால்தான் உண்டு. உறுப்பு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "விலை என்ன?" என்பதன்று; "பழைய உறுப்பிலிருந்து நேரே அச்சு எடுத்தீர்களா?" என்பதுதான்.

இப்போதெல்லாம் கணிப்பொறி இயக்கும் இயந்திரங்களில் வெட்டி எடுக்கிறார்கள்; சுருக்கம் இல்லை. ஆனால் அங்கும் ஒரு கேள்வி எழுகிறது. எதைப் பார்த்து வெட்டினார்கள்? நூற்று அறுபது ஆண்டு தேய்ந்த ஓர் உறுப்பை அளந்தார்கள் என்றால், தேய்வையும் சேர்த்தே நகல் எடுத்தார்கள். தேய்வில்லாத உறுப்பாக இருந்தாலும், அது அனுமதிக்கப்பட்ட பிழையின் மேல் எல்லையில் பிறந்ததா, கீழ் எல்லையில் பிறந்ததா என்பது தெரியாது. ஒன்றை மட்டும் அளந்து பிழையின் எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை, ஒரே ஓர் அளவீடு எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்துப் பழைய உறுப்புகளை அளந்து சராசரி காணும் உற்பத்தியாளரின் சரக்கு பொருந்துகிறது. நகலுக்கு நகல் எடுப்பவரின் சரக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் சற்று விலகிப் போகிறது.

மரையில் இருக்கும் ஆபத்து

செப்புத் தொப்பி உட்காரும் சிறு காம்பு ஒன்று குழலின் பின்புறத்தில் திருகப்பட்டிருக்கும். வெடிக்கும்போது எரிவாயுவின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது இதன் மரைகள். ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தில் 55 டிகிரிக் கோண மரையை ஒழுங்குபடுத்தினார். 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் அமெரிக்காவுக்கு 60 டிகிரி என்றார். பிறகு ஐரோப்பாவில் மெட்ரிக் மரை வந்தது. இத்தாலியில் செய்யப்படும் புதிய துப்பாக்கிகள் மெட்ரிக் மரை கொண்டவை. பழையவை அங்குல மரை கொண்டவை.

ஓர் எடுத்துக்காட்டு: 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; மெட்ரிக்கில் அருகிலுள்ளது 8 மி.மீ. வேறுபாடு 0.06 மி.மீ.; விரலுக்குத் தெரியாது. ஆனால் அங்குலத்துக்கு 18 புரி என்றால் புரிக்குப் புரி தூரம் 1.41 மி.மீ.; மெட்ரிக்கில் 1.25 மி.மீ. நான்கு சுற்று திருகுவதற்குள் 0.64 மி.மீ., அதாவது அரைப் புரி விலகிவிடும். ஸ்பேனர் போட்டு அழுத்தித் திருகினால் உள்ளே போய்விடும். போன வழியில் மரைகளை நசுக்கிவிடும். மேலே பார்த்தால் நன்றாக இறுகியது போல் தோன்றும். உள்ளே ஒன்றிரண்டு புரிகளே பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பு பிய்த்துக்கொண்டு பறந்தால், அது பறக்கும் திசையில் இருப்பது சுடுபவரின் முகம். எந்த உறுப்பில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கட்டும். இதில் மட்டும் புரி அளவியை வைத்துப் பார்க்காமல் ஒரு சுற்றுக்கூடத் திருகலாகாது.

தோல் வேறு, உள்ளுடம்பு வேறு

அளவு சரியாக இருந்தால் போதுமா? பழைய டம்ளர் மென்மையான இரும்பால் ஆனது. ஆனால் அதன் மேல்தோல் மட்டும் கடினம். எலும்புக் கரி, தோல் கரி ஆகியவற்றோடு பெட்டியில் அடைத்துச் செஞ்சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். கரியணுக்கள் இரும்புக்குள் மெல்ல விரவிச் செல்லும். பிறகு தண்ணீரில் தோய்ச்சல். ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி ஆழத்துக்குத் தோல் கெட்டிப்படும். உள்ளே இரும்பு மென்மையாகவே இருந்து அதிர்ச்சியைத் தாங்கும். இந்த விரவலில் ஆழம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரு மடங்கு ஆழம் வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் அடுப்பில் கிடக்க வேண்டும். ஆகவே எவரும் தேவைக்கு மேல் ஆழப்படுத்தியதில்லை.

இதன் விளைவு என்ன? பழைய டம்ளரை, பொருந்தவில்லையே என்று சிறிது அராவினால், அந்த மெல்லிய தோல் போய்விடும். உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளிவரும். சில நூறு முறை குதிரையை ஏற்றி இறக்குவதற்குள் பாதி ஏற்ற வெட்டின் முனை மழுங்கிவிடும். புதிய உறுப்பு வரும்போதே கெட்டிப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, பட்டறைக்காரர் ஒரு மூலையில் அரத்தை வைத்து இழுப்பார். அரம் கடித்தால் மென்மை. கண்ணாடிமேல் வழுக்குவது போல் வழுக்கினால் கடினம். மென்மையான நிலையில் வாங்கி, பொருத்தி முடித்து, அதன் பிறகு கெட்டிப்படுத்துவதே முறை.

வில்லுக்கு வேறு கணக்கு. தட்டை வில்லின் வலிமை, அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. புதிய வில் பத்துச் சதவீதம் தடித்திருந்தால் 1.1-இன் முப்படி, அதாவது 1.33. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசை! பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வில்களில் ஒன்று குதிரையை நோஞ்சானாகவும், மற்றொன்று முரடாகவும் ஆக்கும். முரட்டு வில் நாக்கையும் வெட்டையும் விரைவில் தின்றுவிடும். வில்லின் தடிமனைக் குறைக்க வேண்டுமானால் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும்; குறுக்கே விழும் ஒரு கீறலிலிருந்துதான் ஒருநாள் வில் முறியும்.

எதை அராவுவது?

மேலே சொன்னவற்றிலிருந்து ஒரு பட்டறை விதி தானாகவே கிடைக்கிறது. இரண்டு உறுப்புகள் பொருந்தாதபோது, எப்போதும் புதியதைத்தான் அராவ வேண்டும், பழையதைத் தொடக்கூடாது. புதியது கெட்டால் இன்னொன்று வாங்கலாம். பழையதில் போன இரும்பு போனதுதான். மரக்கட்டைக்கும் இதே விதி. நூற்றாண்டுகளுக்கு முந்திய வால்நட் மரம், இழைக்குக் குறுக்கே சுருங்கியிருக்கும். நீளவாக்கில் அநேகமாக மாறியிராது. ஆகவே பள்ளத்தின் அகலம் குறைந்து, நீளம் அப்படியே இருக்கும். உளியை எடுத்துப் பள்ளத்தை அகலப்படுத்தக் கை துடிக்கும். தகட்டின் ஓரத்தைத்தான் தேய்க்க வேண்டும்.

எங்கே தேய்ப்பது என்பதற்கு எளிய வழி உண்டு. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் உறுப்பைக் காட்டி மெல்லிய கரி படியச் செய்கிறார்கள். இடத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் கரி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளியை இரண்டு இழுப்பு அராவி, மீண்டும் கரி பிடித்து, மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு நாள் முழுவதும் ஆகலாம். பல் மருத்துவர் நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, முட்டும் இடத்தை அறிவதும் இதே முறைதான்.

வேலை முடிந்த பிறகு, கவனமுள்ளவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். புதிய உறுப்பின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், தாம் பொருத்திய ஆண்டைச் சிறு எழுத்தாணியால் பொறித்துவிடுகிறார்கள். புதுப் பூட்டுத் தகட்டில் 1862 என்ற ஆண்டும் அரச முடியும் பளிச்சென்று அச்சடித்தே வருகின்றன. சில ஆண்டுகள் ஈரக்காற்று பட்டால் எது பழையது, எது புதியது என்று செய்தவருக்கே அடையாளம் தெரியாது. அடுத்த தலைமுறையில் இந்தத் துப்பாக்கியைக் கழற்றும் ஒருவர், 1862-ஆம் ஆண்டு பர்மிங்காம் தொழிலாளி எப்படி அரம் பிடித்தான் என்று அறிய விரும்பலாம். அவர் தவறான டம்ளரை அளந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சிறு பொறிப்பு.